இணையக் கேள்வி நேரம்: டொமைனை யாரிடம் பதிவு செய்வது?

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டொமைன் பெயர்களை, அதாவது இணையதளத்தின் முகவரியாக இருக்கும் பெயர்களைப் பற்றியவையாகவே இருந்தன. ஆகவே இந்த இதழில் வேறு எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளவில்லை. கடிதம் எழுதியவர்களில் சிலருடைய டொமைன்கள் இன்னும் சிக்கலில் இருப்பதால் யாருடைய பெயரையும் வெளியிடாமல் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

நாங்கள் ஜமுக்காளம் நெய்து விற்கும் குடும்பம். கடைக்கு ஒரு டாட் காம் பெயர் வாங்கலாம் என்று தேடியபோது, ஒரு நிறுவனம் 199 ரூபாய் என்கிறது; இன்னொரு நிறுவனம் 1,100 ரூபாய் என்கிறது. பொருள் ஒன்றுதானே, விலை மட்டும் ஏன் இப்படி? – பவானி

பொருள் ஒன்றேதான். டாட் காம் என்று முடியும் பெயர்கள் அனைத்தையும் கொண்ட மூலப் பதிவேட்டை அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம் நடத்துகிறது. அதைப் பதிவகம் என்கிறோம். அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதிக் கொடுக்கும் உரிமை பெற்ற விற்பனை நிறுவனங்கள்தாம் பதிவாளர்கள், அதாவது ரெஜிஸ்ட்ரார்கள். கோடாடி, நேம்சீப், பிக்ராக் என்று விளம்பரங்களில் நீங்கள் பார்ப்பவை எல்லாம் இந்த வகையே. இவர்களுக்கு உரிமம் வழங்குவது, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்க 1998இல் தொடங்கப்பட்ட ஐகேன் என்ற அமைப்பு. 1999 வரை டாட் காம் பெயர்களை ஒரே ஒரு நிறுவனம்தான் விற்றது; அப்போது ஆண்டுக்கு 35 டாலர். போட்டி வந்த பிறகுதான் விலை இறங்கியது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். வெரிசைன் ஒரு டாட் காம் பெயருக்கு ஓராண்டுக்குப் பதிவாளரிடம் வாங்கும் தொகையை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்த்தியது. ஐகேன் தன் பங்காக 20 சென்ட் வாங்குகிறது. ஒரு டாலரை 86 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அடக்க விலையே 900 ரூபாய் ஆகிறது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,062 ரூபாய். ஆகவே 199 ரூபாய்க்குத் தருபவர் கைநட்டத்தில்தான் தருகிறார். அந்த நட்டத்தை அவர் எங்கே ஈடுகட்டுகிறார் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்புக் கட்டணத்தில் ஈடுகட்டுவார். இல்லையென்றால் பணம் கட்டும் பக்கத்தில் நீங்கள் கேட்காமலே சேர்த்துவைத்திருக்கும் மின்னஞ்சல், பாதுகாப்பு, இணையதளம் கட்டும் கருவி போன்றவற்றில் ஈடுகட்டுவார்.

முதலாண்டு 199, பிறகு ஆண்டுக்கு 1,500 என்று ஒருவர் சொன்னால், ஐந்தாண்டுக்கு 6,199 ரூபாய் ஆகும். எல்லா ஆண்டுக்கும் 1,100 என்று சொல்பவரிடம் 5,500 ரூபாய்தான். பெயர்ப்பலகை எழுதி, ரசீதுப் புத்தகம் அச்சடித்து, வாடிக்கையாளர் வாயில் பெயர் பழகிய பிறகு ஓராண்டில் அதைக் கைவிடப் போவதில்லை அல்லவா? எனவே புதுப்பிப்பு விலையை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். நல்ல நிறுவனங்கள் அந்த விலையை முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். மூன்று பக்கம் தாண்டித் தேட வேண்டியிருந்தால் அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன், டாட் எக்ஸ்ஒய்இசட் போன்ற புதிய முடிவுகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. அங்கே முதலாண்டு விலை நூறு ரூபாய்க்கும் கீழே இருக்கும்; மறு ஆண்டு ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும்.

எங்கள் பாத்திரக் கடைக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெப் டிசைனர் தம்பிதான் எல்லாவற்றையும் செய்து கொடுத்தார். இப்போது வேறு ஒருவரிடம் மாற நினைக்கிறோம். "டொமைன் என் அக்கவுன்டில் இருக்கிறது, மாற்றித் தர முடியாது" என்கிறார். ஆண்டுதோறும் பணம் கட்டியவர்கள் நாங்கள். பெயர் யாருக்குச் சொந்தம்? – கும்பகோணம்

மிக அதிகமாக வந்த கேள்வி இதுவே என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஐகேன் விதிகளின்படி, பதிவேட்டில் பதிவுதாரர், அதாவது ரெஜிஸ்ட்ரன்ட் என்ற இடத்தில் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ அவரே அந்த டொமைனை வைத்திருப்பவர். பணம் யார் கட்டினார், கடை யாருடையது என்பதை அந்தப் பதிவேடு பார்ப்பதில்லை. நிலத்துக்குப் பணம் கொடுத்தவர் ஒருவர், பத்திரம் வேறொருவர் பெயரில் என்றால் என்ன ஆகுமோ அதுவேதான் இங்கும் ஆகிறது. ஆகவே முதலில் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

உலாவியில் லுக்கப் டாட் ஐகேன் டாட் ஆர்க் என்ற முகவரிக்குச் சென்று உங்கள் டொமைனைத் தட்டச்சு செய்து தேடுங்கள். முன்பு ஹூஇஸ் என்று வழங்கிய தேடல் இது. 2025 ஜனவரி முதல் டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு ஆர்டாப் என்ற புதிய முறை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. வரும் பக்கத்தில் ரெஜிஸ்ட்ரார் என்ற வரியில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அது உங்கள் டிசைனரின் பெயராக இருக்காது. அவர் பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய பதிவாளரின் ரீசெல்லராக, அதாவது அங்கே வாங்கி நமக்கு விற்கும் இடைத்தரகராக இருப்பார். அந்தப் பதிவாளர்தான் நீங்கள் தொடர்புகொள்ள வேண்டிய இடம். அடுத்து, காலாவதி தேதி இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸ் என்ற வரியில் "கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்" என்று இருந்தால் பெயர் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அது கெட்ட செய்தி அல்ல. கணக்கை வைத்திருப்பவர் திறக்கக்கூடிய பூட்டுத்தான்.

பதிவுதாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ரிடாக்டட்" என்று மறைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது முதல் உலகெங்கும் பதிவாளர்கள் அப்படிச் செய்கிறார்கள். அப்படியானால் டிசைனரிடம் கணக்கின் உள்ளே தெரியும் தொடர்பு விவரப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் பதிவாளரின் உதவிப் பிரிவுக்கு, உங்கள் கடையின் ஜிஎஸ்டி சான்றையும் ஆண்டுதோறும் பணம் கட்டிய ரசீதுகளையும் இணைத்து எழுதுங்கள்.

பதிவுதாரர் நீங்கள்தான் என்று தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. வேறு பதிவாளரிடம் மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை, ஆத் கோட் அல்லது இபிபி கோட் என்பார்கள், பதிவுதாரர் கேட்ட 5 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது விதி. ரீசெல்லர் தராவிட்டால் பதிவாளர் தந்தாக வேண்டும். அவரும் இழுத்தடித்தால் டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் பெயர்களுக்கு ஐகேனிடம் இணையவழியே புகார் செய்யலாம். டாட் இன் என்றால் ஐகேனுக்கு அதில் வேலை இல்லை. அதை நடத்தும் நிக்சி அமைப்பின் பதிவகத்திடம் போக வேண்டும்.

பதிவுதாரர் இடத்தில் அந்தத் தம்பியின் பெயரே இருந்தால், வருத்தத்தோடுதான் சொல்கிறேன், பேசித் தீர்ப்பதே சிறந்த வழி. உங்கள் கடைப்பெயர் வணிகக்குறியாகப் பதிவாகியிருந்தால் சட்ட வழி உண்டு. ஆனால் அதற்காகும் செலவு டொமைனின் விலையைப் போல நூறு மடங்காகிவிடும். பெரும்பாலான டிசைனர்கள் கெட்ட எண்ணத்தால் தங்கள் பெயரில் பதிவு செய்வதில்லை. முப்பது வாடிக்கையாளருக்கு முப்பது கணக்கு திறப்பது சிரமம் என்பதால் ஒரே கணக்கில் போட்டுவிடுகிறார்கள். பாக்கி ஏதும் இருந்தால் தீர்த்துவிட்டு, மரியாதையாக, எழுத்து மூலமாகக் கேளுங்கள். பதிவுதாரரை மாற்றும்போது பழையவர், புதியவர் இருவருடைய மின்னஞ்சலுக்கும் ஒப்புதல் கேட்டுக் கடிதம் வரும். அதன்பின் 60 நாட்களுக்கு வேறு பதிவாளரிடம் நகர்த்த முடியாதபடி பூட்டு விழலாம். அதைத் தவிர்க்கும் வாய்ப்பைச் சில பதிவாளர்கள் அந்தப் பக்கத்திலேயே தருவார்கள்.

வெளிநாட்டுப் பதிவாளர்கள் மலிவு என்று நண்பர் சொல்கிறார். எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு உள்நாட்டு நிறுவனமா, வெளிநாட்டு நிறுவனமா, எது நல்லது? – மதுரை

புதுப்பிப்பு விலையில் சில வெளிநாட்டு நிறுவனங்கள் உண்மையிலேயே மலிவு. கிளவுட்ஃபிளேர் 2018இல் பதிவாளர் சேவை தொடங்கியபோது லாபம் இல்லாமல் அடக்க விலைக்கே தருவதாக அறிவித்தது. அதற்கு ஈடாக அவர்களுடைய நேம்சர்வர்களை, அதாவது பெயரைத் தேடி வருபவருக்குத் தளம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கணினிகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஆனால் உங்களைப் போன்ற சங்கத்துக்கு விலையைவிடப் பணம் செலுத்தும் வழியே முக்கியம் என்று நினைக்கிறேன்.

இந்திய வங்கி அட்டைகளிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அட்டைதாரர் முன்கூட்டியே ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குள் வராத வெளிநாட்டு நிறுவனம் கேட்கும் தொகையை வங்கி மறுத்துவிடும். கணக்கில் "ஆட்டோ ரினியூ" என்று பச்சை நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும். பணம் மட்டும் போயிருக்காது. இதை நம்பி ஏமாந்தவர்களின் கடிதங்கள் மட்டும் என் மேசையில் ஏழு இருக்கின்றன. போதாக்குறைக்கு, 2020 அக்டோபர் முதல் வழங்கப்பட்ட அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, நாமே திறந்துவிட்டாலொழிய மூடியே இருக்கும்.

உள்நாட்டு நிறுவனத்தில் யுபிஐ மூலம் கட்டலாம். சங்கச் செயலாளர் மாறினாலும் அடுத்தவர் கட்டிவிட முடியும். வணிகம் செய்பவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஜிஎஸ்டி எண்ணுடன் ரசீது வாங்கினால் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டு நிறுவனத்தைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள் என்றால், அவர்களிடம் முன்பணம் போட்டுவைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுத் தொகையை அதில் வைத்துவிட்டால் அட்டைச் சிக்கல் வராது.

டொமைன் வாங்கிய மறுநாளே, இணையதளம் செய்து தருகிறோம் என்று ஒரு நாளைக்கு இருபது அழைப்பு வருகிறது. என் கைபேசி எண் எப்படி இவர்களுக்குக் கிடைத்தது? – கோயம்புத்தூர்

பதிவு செய்யும்போது நீங்கள் கொடுத்த எண் மறைக்கப்படாமல் பொதுத் தேடலில் வெளியாகியிருக்கலாம். புதிதாகப் பதிவான பெயர்களை நாள்தோறும் அள்ளிச் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். தனியுரிமைப் பாதுகாப்பைக் கட்டணமின்றித் தருகிறாரா என்பது பதிவாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று. நேம்சீப், கிளவுட்ஃபிளேர், போர்க்பன் போன்றவர்கள் அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் கேட்பவர்களிடம் வாங்க வேண்டிய தேவை இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் வாங்கியது டாட் இன் என்று எழுதியிருக்கிறீர்கள். டாட் இன் பெயர்களில் வேறொருவர் பெயரைப் போட்டு மறைக்கும் சேவைக்கு நிக்சியின் விதிகள் இடம் கொடுப்பதில்லை. உண்மையான பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். பொய் விவரம் கொடுத்தால் பெயரையே இழக்க நேரிடும். ஆகவே டொமைனுக்கென்று தனி சிம் ஒன்றை வைத்துக்கொள்வதே என் ஆலோசனை. அழைப்புகள் சில வாரங்களில் ஓய்ந்துவிடும். அந்த சிம்மை மட்டும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். ஓடிபி அதற்குத்தான் வரும்.

எங்கள் பயிற்சி நிலையத்தின் டொமைன் காலாவதியாகி 35 நாட்கள் ஆகிவிட்டன. புதுப்பிக்கப் போனால் பல மடங்கு பணம் கேட்கிறார்கள். இது முறைதானா? – திருச்சி

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். ஒரு சிற்றிதழின் இணையப் பக்கத்தை நான் கவனித்துவந்த காலம் அது. பதிவாளரிடம் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரி அந்த இதழின் டொமைனிலேயே இருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம், ஆசிரியர் மாறிய பிறகு யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. பெயர் காலாவதியானதும் தளம் நின்றது, அதோடு மின்னஞ்சலும் நின்றது. அதன்பின் வந்த எச்சரிக்கைகள் வந்துசேரவே வழியில்லை. சர்வர் பழுது என்று நினைத்து ஹோஸ்டிங் நிறுவனத்தோடு வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றோம். ஒரு வாசகர் அழைத்து, "உங்கள் பக்கத்தில் ஏதோ விளம்பரம் வருகிறதே" என்று சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது. மீட்பதற்குக் கட்டிய தொகையில் ஓர் இதழையே அச்சடித்திருக்கலாம்.

டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு நடைமுறை இதுதான். காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாட்களுக்குள் இன்னொரு முறையும் பதிவாளர் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அதன்பின் 45 நாட்கள் வரை பெயரைத் தன்னிடம் வைத்திருக்கும் வாய்ப்பு அவருக்கு உண்டு; அந்தக் காலத்தில் வழக்கமான கட்டணத்துக்கே புதுப்பிக்க விடுவதா, கூடுதல் கேட்பதா, எத்தனை நாள் விடுவது என்பது அவரவர் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பெயரை நீக்கிவிட்டால் 30 நாள் மீட்புக் காலம் தொடங்கும். அப்போது பதிவகமே மீட்புக் கட்டணம் விதிப்பதால் தொகை எகிறிவிடும். அதுவும் கடந்தால் 5 நாட்கள் யாராலும் தொட முடியாது. பிறகு யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். நீக்குவதற்கு முன்பே ஏலம் விடும் பதிவாளர்களும் இருக்கிறார்கள். ஆகவே 35ஆம் நாளில் இருக்கும் நீங்கள் பேரம் பேசி நாட்களைக் கடத்த வேண்டாம், இன்றே கட்டிவிடுங்கள். மிகப் பெரிய நிறுவனங்களுக்கும் இந்த மறதி நேர்ந்திருக்கிறது: 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயிலில் நுழைய உதவிய தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்ததால் ஹாட்மெயில் பயனர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள், சம்பந்தமே இல்லாத ஒரு லினக்ஸ் நிரலாளர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிப் புதுப்பித்துக் கொடுத்தார்.

இனிமேல் வாங்குபவர்கள் பதிவாளரின் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை மட்டுமாவது படித்துவிடுங்கள்: காலாவதிக்குப் பின் எத்தனை நாள் பழைய விலை, மீட்புக் கட்டணம் எவ்வளவு. தொடர்பு முகவரியாக அந்த டொமைனைச் சாராத ஒரு மின்னஞ்சலைக் கொடுங்கள். அதை இருவராவது பார்க்கும்படி வையுங்கள். புதிதாகப் பதிவு செய்ததும் முகவரியை உறுதிசெய்யச் சொல்லி வரும் கடிதத்துக்கு 15 நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால், பணம் கட்டியிருந்தும் டொமைன் முடக்கப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பத்து ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டிவிட்டால் கவலை இல்லை அல்லவா? – நாகர்கோவில்

விலை உயர்விலிருந்தும் மறதியிலிருந்தும் தப்பலாம். பத்தாண்டுதான் உச்ச வரம்பு. ஆனால் பத்தாண்டில் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பொறுப்பாளரும் மாறிவிடுவதால், ஆண்டுக்கொரு முறை கணக்கில் நுழைந்து விவரங்களைச் சரிபார்த்தே ஆக வேண்டும். மூன்று அல்லது ஐந்து ஆண்டு போதுமானது.

பதிவாளர் நிறுவனமே மூடிவிட்டால் எங்கள் பெயர் என்ன ஆகும்? – சேலம்

பெயர் பதிவகத்தின் ஏட்டில் இருப்பதால், கடை மூடியதோடு அழிந்துவிடாது. 2007இல் அமெரிக்காவின் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற பதிவாளர் நிர்வாகக் குழப்பத்தில் சரிந்தபோது ஐகேன் அதன் உரிமத்தை ரத்து செய்தது; அதனிடம் இருந்த பல இலட்சம் பெயர்கள் கோடாடியிடம் ஒப்படைக்கப்பட்டன. இடைப்பட்ட மாதங்களில் பதிவுதாரர்கள் பட்ட பாடு சிறிதல்ல. பணம் கட்டியும் புதுப்பிக்கப்படாமல் பெயர் இழந்தவர்களும் உண்டு. பதிவாளர்கள் தங்கள் பதிவுதாரர் விவரங்களின் நகலை வெளியார் ஒருவரிடம் ஒப்படைத்துவைக்கும் ஏற்பாட்டை ஐகேன் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது அந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

பெரிய நிறுவனம் என்பதும் காப்புறுதி அல்ல. கூகுள் நடத்திவந்த கூகுள் டொமைன்ஸ் சேவை 2023 ஜூனில் ஸ்குவேர்ஸ்பேஸ் நிறுவனத்துக்கு விற்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது; அதன்பின் சுமார் ஒரு கோடி பெயர்கள் உரிமையாளர்கள் கேட்காமலே கைமாறின. எனவே உரிமம் உள்ள பதிவாளரிடம் நேரடியாகக் கணக்கு வைத்திருங்கள். உரிமம் உள்ளவர்களின் பட்டியலை ஐகேனும், டாட் இன் பெயர்களுக்கு நிக்சியின் பதிவகமும் தங்கள் தளங்களில் வெளியிட்டிருக்கின்றன. நடுவில் ஒரு ரீசெல்லர் இருந்து அவர் காணாமல் போனால், மேலே இருக்கும் பதிவாளர் யார் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அதுதான் உண்மையான ஆபத்து.

டொமைனைத் திருட முடியுமா? – புதுச்சேரி

முடியும். பெர்ல் என்ற நிரல்மொழியின் பெயரில் கால் நூற்றாண்டாக இயங்கிவந்த பெர்ல் டாட் காம் 2021 ஜனவரியில் திருடப்பட்டது. கணினி நிபுணர்கள் கவனித்துவந்த பெயர் அது. கோட்டை விழுந்தது பதிவாளரிடம் இருந்த கணக்கின் வழியாக. பிப்ரவரியில் மீட்டார்கள் என்றாலும், அத்தனை பேர் அறிந்த பெயர் என்பதால்தான் அவ்வளவு விரைவாக நடந்தது. நம்முடைய கடைப்பெயருக்காக அப்படி ஓடிவர யாரும் இல்லை. கைபேசிச் செயலி மூலம் இரண்டாம் அடையாளச் சோதனை வைக்க முடியாத பதிவாளரை, விலை எதுவாக இருந்தாலும், தவிர்த்துவிடுங்கள். அந்தக் கணக்கோடு இணைந்த மின்னஞ்சலுக்கும் அதே சோதனை வேண்டும். மின்னஞ்சலைப் பிடித்தவன் டொமைனையும் பிடித்துவிடுவான்.

டாட் எல்கே பெயரையும் தமிழிலேயே டாட் இலங்கை என்று முடியும் பெயரையும் இந்தியப் பதிவாளரிடம் வாங்கலாமா? – யாழ்ப்பாணம்

நேரே எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியிடம் செல்வதே நல்லது. 1990 முதல் டாட் எல்கே பெயர்களை நிர்வகிப்பவர்கள் அவர்களே; பயனர்களுக்கு நேரடியாகவும் பதிவு செய்து தருகிறார்கள். டாட் இலங்கை பெயர்களும் அவர்களிடமே. தமிழ் எழுத்துப் பெயர் விளம்பரத்திலும் பலகையிலும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் பல மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் அதை இன்னும் ஏற்பதில்லை. எனவே ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றையும் சேர்த்து வாங்கி, இரண்டும் ஒரே தளத்துக்கு வரும்படி செய்யுங்கள். டாட் இந்தியா பெயர்களுக்கும் இதுவே பொருந்தும். அவற்றை எல்லாப் பதிவாளர்களும் விற்பதில்லை.

பழைய பதிவாளரை விட்டு வேறு ஒருவரிடம் மாற முடிவு செய்துவிட்டோம். மாற்றும்போது தளம் நின்றுவிடுமா? கட்டிய பணம் வீணாகுமா? – தூத்துக்குடி

பணம் வீணாகாது. டாட் காம் பெயரை மாற்றும்போது புதியவரிடம் ஓராண்டுக் கட்டணம் கட்டுவீர்கள். அந்த ஓராண்டு, மீதமிருக்கும் காலத்தோடு சேர்ந்துகொள்ளும். பதிவு செய்தோ முன்பு மாற்றியோ 60 நாட்கள் ஆகாவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டும். காலாவதிக்கு ஒரு மாதமாவது இருக்கும்போது தொடங்குங்கள். கணக்கில் பூட்டைத் திறந்து, குறியீட்டைப் பெற்று, புதியவரிடம் கொடுத்தால் போதும். பழையவர் உடனே விடுவிக்காவிட்டாலும் 5 நாட்களில் தானாக மாறிவிடும்.

தளம் நிற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகள், அதாவது தளமும் மின்னஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று காட்டும் வரிகள், பழைய பதிவாளரின் நேம்சர்வரிலேயே இருந்தால், நீங்கள் விலகியதும் அவர் அவற்றை அழித்துவிடக்கூடும். மாற்றத்தைத் தொடங்கும் முன் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியையும் படம் எடுத்து வையுங்கள். தளத்துக்கான ஏ ரெக்கார்டும் மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் ரெக்கார்டும் அதில் இருக்க வேண்டும். கூடவே டெக்ஸ்ட் என்று தொடங்கும் நீண்ட வரிகள் இரண்டு மூன்று இருக்கும். பயனற்றவை போலத் தோன்றினாலும் அவற்றை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பும் கடிதங்கள் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். டிஎன்எஸ்செக் என்ற பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தி இரண்டு நாட்கள் விடுங்கள். புதியவரிடம் அத்தனை வரிகளையும் பதிந்த பிறகு நேம்சர்வரை மாற்றி, வேறு முகவரியிலிருந்து உங்கள் கடை முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பி, அது வந்து சேர்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு பழைய கணக்கில் சேமித்துவைத்திருக்கும் உங்கள் வங்கி அட்டை விவரத்தை நீக்கிவிடலாம்.